அழித்த பதிவு திரும்பி வந்த மதியம்

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சர்வரின் முன்னால், அதைப் பராமரிக்கும் இளையவர். அவர் தோளுக்குப் பின்னால், சுழல்நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலாளர். கதவோரம், காகிதப் பெட்டியின் மேல் இளையவரின் அண்ணி. மடியில் இறந்துபோன கணவரின் கருவிப்பை; அதை வாங்கிப்போகத்தான் வந்திருந்தாள். ஜன்னலில் சுள்ளென்று வெயில். இருட்டு, மழை, நாய் ஊளை எதுவும் கிடையாது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். மூவருமே கண்ணால் பார்த்தவர்கள்.

அது குளிர்பதனக் கிடங்கு நடத்தும் நிறுவனம். அலுவலகத்துக்குள் செய்திக்குழு சர்வர் ஒன்று உண்டு. எதில் கோளாறு என்றாலும் அதில் எழுதிப் போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். பராமரிப்புக் குழுவில் பாதிப் பதில்கள் இறந்துபோன அந்த அண்ணனுடையவை. அவர் குளிர்பதன மெக்கானிக். சாவதற்கு மூன்று வாரம் முன்பு அவரே ஒரு பதிவு போட்டிருந்தார்: ‘இரண்டாம் குளிரறைக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. இருமுறை சொல்லிவிட்டேன். ஆளைப் பலி வாங்குவதற்குள் சரிசெய்யுங்கள்.’

ஒருவரும் பதில் போடவில்லை. அந்த அறைக்குள்தான் ஒரு காலையில் அவரை விறைத்த கட்டையாகக் கண்டெடுத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் அடிக்க அங்கே ஓர் அபாய மணி உண்டு; அது வாசல் காவலாளியின் அறையில் ஒலிக்கும்.

மாரடைப்பு, உள்ளே போனதுமே உயிர் போய்விட்டது என்றது நிர்வாகம். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தது அவர் தவறு என்றும் சொன்னது. ஆளும் போய், பழியும் அவர் தலையிலேயே. அடுத்த வாரம் விசாரணை. அந்தப் பழியைத் துடைக்க இருந்தது அந்த ஒரு பதிவுதான். தனியாக எடுத்த நகல் செல்லாது; சர்வரில் தேதியோடு இருந்தால்தான் சாட்சி.

இந்த நேரம் பார்த்து, சர்வரில் பதிவுகளைச் சேமிக்கும் வட்டு நிரம்பிவிட்டதாம். இத்தனை வருஷம் நிரம்பாத வட்டு.

“எல்லாக் குழுவுக்கும் பதினாலு நாள். அதுக்கு மேல பழசானது எல்லாம் அழியணும்” என்றார் மேலாளர்.

“எல்லாத்துக்குமா சார்?”

“உங்க அண்ணன் எழுதினது மட்டும் வேதவாக்கா? என்ன சர்வர், காப்பிக்கு ஆர்டர் எடுக்கிறீங்களா? டைப் பண்ணுங்க.”

தொலைபேசி வரவே மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தம்பி... அவர் எழுதினது இருக்கும்ல?”

“இருக்கும் அண்ணி. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். எந்தக் குழுவை எத்தனை நாள் வைப்பது என்று சொல்லும் கோப்பின் உச்சியில், மேலாளர் கண்ணில் படாத இடத்தில், ‘பராமரிப்புக் குழு: ஒருபோதும் அழிக்காதே’ என்று ஒரு வரி சேர்த்தார். கீழே எல்லாக் குழுவுக்குமான பதினான்கு நாள் வரி. இளையவருக்கு அன்றாட வேலை ஃபயர்வால் எனும் நெட்வொர்க் காவல் விதிகளோடு. அங்கே முதலில் பொருந்தும் வரிதான் செல்லும். இந்தச் செய்திக்குழுக் கோப்பில் தலைகீழ்: கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும். மேலே எழுதியதைக் கீழே இருப்பது விழுங்கிவிடும்.

பதற்றத்தில் அது மறந்துபோயிற்று.

அழிக்கும் நிரலை ஓட்டினார். வட்டு கரகரவென்று அரைத்தது. நின்றது. பராமரிப்புக் குழுவைத் திறந்தார்.

காலி.

“துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு” என்றார் மேலாளர், திருப்தியாக. நகல் டேப்பையும் போன வாரமே வாங்கிக்கொண்டு போனவர் அவர்.  இளையவர் அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது மணி இரண்டு முப்பத்தொன்று.

டொக்...

குழுவில் ஒரு புதிய பதிவு.

அனுப்பியவர் பெயர் அண்ணனுடையது. அந்தக் கணக்கை அவர் இறந்த மூன்றாம் நாளே இளையவர் தம் கையால் மூடியிருந்தார். அதே வாசகம். அதே அடையாள எண். அழித்த பதிவின் எண்ணைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். மறுபடி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும். இதைத் திருப்பி அனுப்பவில்லை.

தேதி மட்டும் வேறு. இன்றைய தேதி.

“விளையாடறீங்களா?”

“கை ரெண்டும் இதோ இருக்கு சார்.”

மேலாளர் எட்டித் தாமே அழித்தார்.

டொக்...

திரும்ப வந்தது. இந்த முறை அடியில் ஒரு வரி கூடுதல். ‘உள்ளேதான் இருக்கிறேன். மணி அடிக்கிறேன்.’

மேலாளர் அழித்தார்.

டொக்...

‘மணி நின்றுவிட்டது. ஒயரைக் கழற்றிவிட்டீர்களா?’

மேலாளர் விரலை எடுக்கப் போனார். வரவில்லை. விசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளையாக ஏதோ...

பனி.

அந்த வெயிலில்.

வெடுக்கென்று பிடுங்கினார். விரல் நுனித் தோல் விசையிலேயே தங்கிவிட்டது.

அண்ணி எழுந்து நின்றாள். திரையைப் படித்தாள்.

“உள்ள போனதுமே போயிட்டார்னு சொன்னீங்களே சார்?”

 மேலாளருக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வராந்தாவில் ஓடும் காலடிகள்...

இளையவர் அந்தப் பதிவை அச்சில் எடுத்தார். தாள் வெளியே வந்ததும் குழு மறுபடி காலியானது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கையில் இருந்த தாளோ எந்த விசாரணையிலும் நிற்காது. செத்தவன் செத்தபின் எழுதியது என்று எப்படிக் காட்டுவது?

சாயங்காலம் வாசல் காவலாளியிடம் போனார். சுற்றிவளைக்கவில்லை.

“எங்க அண்ணன் போன அன்னிக்கு ராத்திரி மணி அடிச்சதா அண்ணே?”

காவலாளி முகம் செத்துப்போயிற்று.

“ரொம்ப நேரம் அடிச்சுது சார். மேலாளருக்குப் போன் போட்டேன். பழுதா இருக்கும், ஒயரைக் கழட்டிட்டு வேலையப் பாருன்னார். கழட்டிட்டேன். விடிஞ்சப்புறம் மாட்டிட்டேன்... இத உங்களுக்கு யாரு சொன்னா? எங்க ரெண்டு பேரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.”

“எழுதிக் குடுக்கறீங்களா?”

“எனக்கும் புள்ளைங்க இருக்கு சார்.”

சொல்லிவிட்டு அவர் வாசல் விளக்கைப் போடப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இளையவர் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அண்ணனின் பதிவு, அதை அழித்தது தம் கை, அழிக்கச் சொன்னது யார், மணி, ஒயர். காவலாளியை அழைத்துக் கேளுங்கள் என்று முடித்தார். திரும்பி வந்த பதிவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

அண்ணி முழுவதும் படித்தாள்.

“வலி தெரியாமப் போனார்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் கொஞ்சமாவது கண்ண மூடினேன் தம்பி. இனி அதுவும் இல்ல.” உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பசையக் குடுங்க. நான் ஒட்டறேன்.”

ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தி நீவினாள். இருவரும் தபால் நிலையம் வரை நடந்தார்கள்.

“சாதாரணத் தபாலா, விரைவா?” என்று கேட்டார் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்.

“விரைவாவே போடுங்க” என்றாள் அண்ணி. “இவங்களாவது நேரத்துக்குப் படிக்கட்டும்.”

முத்திரை விழுந்தது. கடிதம் சாக்குக்குள் போயிற்று.