பதினெட்டுக்கு மூன்று மாதம்

தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தேர்தல் பாடம் நடத்தும்போது வருஷம் தவறாமல் ஒரு பிள்ளையாவது எழுந்து, "பதினாறு வயசுல ஏன் மிஸ் ஓட்டு போடக் கூடாது?" என்று கேட்கும். "அந்த வயசுல அடுத்தவங்க சொல்றதக் கேட்டுத்தான் முடிவெடுப்பீங்க" என்பேன். அதை நான் நம்பவும் செய்தேன்.

போன தேர்தலில் பட்டினப்பாக்கத்தில் ஒரு வாக்குச்சாவடிக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டார்கள். சுற்றிலும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள், மீன்பிடிக் குடும்பங்கள். கட்டடங்களை இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு காலையிலிருந்தே வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் தன் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இராது. சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போயிருந்தது. பார்வை இல்லாதவர்களுக்குப் பதிலாக, துணைக்கு வருபவர் பொத்தானை அமுக்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு பெண்ணின் வயதைக் கேட்டேன்.

"பதினேழு மேடம். ஜூலை வந்தா பதினெட்டு."

பேனாவை மூடினேன். துணைக்கு வருபவருக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும்.

"மூணு மாசம்தான மேடம். அம்மாக்கு ஊசி போடறது நானு. பேங்க்ல எழுதிக் குடுக்கறதும் நானுதான்."

"வீட்டுல பெரியவங்க வேற யாரும் இல்லையா?"

"அப்பா செத்துட்டாரு. நாங்க ரெண்டு பேருதான்."

எதிர் பெஞ்சில் இருந்த கட்சி முகவர் ஒருவர், "உள்ள வுடாதீங்க மேடம். அப்பால நாங்க கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடுக்க வேண்டி வரும்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

பொத்தான்களுக்குப் பக்கத்தில் தடவிப் படிக்கிற எழுத்து இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். "கண்ணு போயி ரெண்டு வர்சந்தான் ஆவுது. அதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

வரிசையில் இருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "நான் போட்டுத் தரேன்மா" என்றார். அவர் அதே குடியிருப்பில் இருப்பவர் என்பதும், புது இடத்துக்குப் போக ஒத்துக்கொள்ளும்படி வீடு வீடாகச் சொல்லிவந்தவர் என்பதும் மற்றவர்கள் முணுமுணுத்ததில் தெரிந்தது.

"வாணாம்மா, போலாம்" என்றாள் மகள்.

"போடாம போனா பேர அடிச்சிடுவாங்க. அப்பறம் வீடு குடுக்கசொல்லோ நம்ம பேரே இருக்காது" என்றார் அம்மா.

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வெளியே வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. நான் படிவத்தை அந்த ஆளிடம் நீட்டினேன். வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன் என்று கையெழுத்துப் போட்டார். அம்மா அவர் காதில் எதையோ சொன்னார். இருவரும் மறைப்புக்குப் பின்னால் போனார்கள். இயந்திரம் பீப் என்றது. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

மறைப்பைவிட்டு வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "அம்மா சொன்னதுலதான போட்ட மாமா?"

அவர் சிரித்தார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மேடமாண்ட கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறேன் பாப்பா. கேக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் சொன்னது சட்டப்படி சரி. நான் தலையசைத்தேன். அவள் அங்கேயே நின்றாள். "அடுத்தவங்க வரணும்மா" என்று நான் சொன்ன பிறகுதான் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

சாயங்காலம் வாக்குச்சாவடியின் நாட்குறிப்பை எழுதினேன். குறிப்பிடத்தக்க சம்பவங்கள் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று நிரப்பினேன். அந்த வார்த்தையை எழுதக் கொஞ்சம் நேரமானது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின், தி. நகரில் ஒரு துணிக்கடையில் சுடிதார் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக் காட்டிய பெண், "மேடம், நீங்க எங்க பூத்துல இருந்தீங்கதான?" என்றாள். சீருடைப் புடவையில் அடையாளம் தெரியவில்லை. குரலில்தான் தெரிந்தது.

குடியிருப்பை இடித்துவிட்டார்கள். இவர்களுக்கு ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் வீடு.

"காலேஜ் சேர்ந்தியாம்மா?"

"சீட்டு கெடச்சிது மேடம். ரெண்டு பஸ்ஸு மாறணும். அம்மாவ அவ்ளோ நேரம் தனியா வுட முடியாதுன்னு சேரல."

"இப்ப யாரு பாத்துக்கறாங்க?"

"இப்ப அம்மா இல்ல. சுகர் எறங்கிடுச்சி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..."

துணியைத் தடவிக்கொண்டு நின்றேன். அவளே கேட்டாள்.

"அன்னிக்கு நான் பதினெட்டுன்னு சொல்லிருந்தா வுட்டிருப்பீங்களா?"

பள்ளிச் சான்றிதழைக் கேட்டிருக்க மாட்டேன். பார்த்தால் பதினெட்டு என்று நம்பக்கூடிய முகம்தான்.

"விட்டிருப்பேன்" என்றேன்.

"நான் பொய் சொல்லிருக்கணும்" என்றாள். கோபம் இல்லை. கணக்குப் பரீட்சையில் விட்டுப்போன ஒரு வரியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

ஒரு ஓட்டால் இடிப்பது நின்றிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்குத் தெரியாததா? அம்மா சொன்ன சின்னத்தில் அம்மாவின் ஓட்டு விழுந்ததா என்பதுதான் அவள் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் சொல்லப்போவதில்லை.

தூரத்தில் இருந்து மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்தார். அவள் குரலை மாற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்து இன்னொரு துணியை இழுத்து என் முன்னால் விரித்தாள்.

"இது சாயம் போவாது மேடம்."