எதையும் வாங்கத் தோன்றாத இரண்டு மாதங்கள்

ஏலக்காய் மூட்டையைப் பிரித்ததும் எழும் வாசனை எங்கள் போடி கடைவீதி முழுக்க நிற்கும். அதை முகர்ந்தபடியே நான் ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைவேன்...

டிகிரி முடித்து வீட்டில் இருந்த காலம் அது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கென்று ஒரு சோலியும் இல்லை. கடையில் வாங்கியது போதாமல் போனிலும் ஆர்டர் போடுவேன். ஒரே மாதிரி மூன்று கைப்பை! பிரித்துப் பார்க்கும் ஐந்து நிமிடம்தான் சந்தோஷம். பிறகு பீரோவுக்குள் போய்விடும்.

அந்தக் கோடையில் அப்பா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டம். மழைக்கு நட வைத்திருந்த நாற்றுகள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. அம்மா அப்பாவோடு இருந்தாக வேண்டும். வேறு ஆளில்லாமல் நான் தினமும் ஜீப்பு ஏறினேன்.

தோட்டத்தில் பல வருடமாக வேலை பார்க்கும் பேச்சியக்கா முதல் நாளே அதட்டினார்.

“நின்னு வேடிக்க பாக்காத பாப்பா, ஓஸ் பைப்ப வெரசா இழு! வெயிலு ஏர்றதுக்குள்ள இந்தப் பாத்தி நனையணும்.”

கை கொப்பளித்தது. அழுதுகொண்டே இழுத்தேன். பத்து நாளில், எந்தப் பாத்திக்கு நிழல் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஒரு காலையில், செத்துவிட்டது என்று நினைத்த வரிசையில் புதுக் குருத்து... பேச்சியக்கா தூக்குவாளியைத் திறந்து முதல் டீயை எனக்கு ஊற்றினார்.

ஒருநாள் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்றபோது கூரியர் பையன் போனில் கூப்பிட்டான்.

“அக்கா, ஒங்க பார்சல் மூணு ஆபீஸ்ல ரொம்ப நாளா கெடக்கு. எப்ப வருவீக?”

“என்ன ஆர்டர் போட்டேன்னே ஞாபகமில்ல தம்பி. திருப்பி அனுப்பிருங்க.”

மழை வந்தது. நாற்றுகளை நட்டு முடித்தோம். அப்பாவும் எழுந்து நடமாடத் தொடங்கினார்.

“போதும் ஆத்தா, ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட. இனி நீ வீட்ல இரு, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

பாசத்தில்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே மறுபடி ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டேன்.

கல்யாணமாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். இரண்டு பீரோ நிறைந்துவிட்டது. போன ஞாயிறு ஒரு பெரிய கடையில் ஒரு மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“என்ன பாக்குறீங்க மேடம்?” என்று கேட்டாள் விற்பனைப் பெண். “சும்மாதான்” என்று அடுத்த அலமாரிக்கு நகர்ந்தேன்...

அப்பா மறுபடி தோட்டத்துக்குக் கிளம்பிய அன்று, “நானும் வர்றேன்ப்பா” என்று சொல்லியிருக்கலாம். அவர் வேண்டாம் என்றிருக்க மாட்டார்.

நான்தான் கேட்கவே இல்லை.