பெட்பேனும் ஜெபமும்

இடுப்பெலும்பு முறிந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் காலையில் சிஸ்டர் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "தாத்தா, மோஷன் போச்சா?" என்பாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "போவும், போவும்" என்பார். கருங்கல் ஊர்ச் சந்தையில் நாற்பது வருஷம் அரிசிக் கடை வைத்து எல்லாரையும் அதட்டிய மனுஷர். மகள் கையால் பெட்பேன் வைத்துக்கொள்வதென்றால் அவருக்கு உயிரே போகும். அதற்குப் பயந்தே கஞ்சியைப் பாதியில் வைத்தார், தண்ணீரைக்கூடத் தள்ளினார். வலியில் பசியில்லை போல என்று நினைத்தேன் நான், அறிவுகெட்டவள்.

நான்காம் நாள் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, தானாகப் போகாவிட்டால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா மிரண்டுவிட்டார். சற்று நேரத்தில் என் கையைப் பிடித்து, "வருது மக்கா, சீக்கிரம் வை" என்றார். ஸ்கிரீனை இழுத்துவிட்டுப் பெட்பேனை வைத்தேன். போர்வையால் மூடினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா சபையிலிருந்து ஏழு பேர் வரவேண்டும்? எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வந்தால் ஜெபம் பண்ணாமல் போகமாட்டார்கள். ஜெபம் பண்ண வந்தவர்களைத் தடுக்கவும் மாட்டோம். "ஸ்கிரீன் எதுக்கு மக்கா, நாங்க அன்னியமா?" என்று அவர்களைக் கூட்டி வந்த சபை ஊழியர், உபதேசியார், அதை ஒதுக்கினார். கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல, நாசமாய்ப் போன என் வாய் திறக்கவில்லை. ஜெபம் சபையிலுள்ள நோயாளிகளை எல்லாம் சுற்றி, துபாயிலிருக்கும் பிள்ளைகளையும் தொட்டு, ஆமென் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. போர்வைக்குள் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர்கள் போனபின் பெட்பேனை எடுத்தேன். ஒன்றுமில்லை. "இனி வராது" என்றார்.

மறுநாள் கையுறை போட்டுத்தான் எடுத்தார்கள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அரைக் கிண்ணம் கஞ்சிக்கு மேல் குடிக்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். சுகமாகி வீடு வந்ததற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபத்துக்கு அதே ஏழு பேர் வந்தபோது நான் வாசலை மறித்து நின்றேன். "அப்பாவுக்கு வெளிக்கு இருக்கணும். பொறவு வாருங்க" என்றேன். அவர்கள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா மக்கா. இப்ப எனக்கு வரல்ல. அவியள உள்ள விடு."