மச்சம் இருந்த கன்னம்

எனக்குக் கற்பனை வராது. மாலை வகுப்பு ஆசிரியரே அதைச் சொல்லியிருக்கிறார். அதனால் இதை நான் இட்டுக்கட்டியதாக நினைக்க வேண்டாம். நேரங்கள் எல்லாம் என் நோட்டில் உள்ளபடியே.

அச்சுப்படங்களை ரசிக்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. வீட்டுப்பாடம் எளிது. ஒரே படத்தைத் தினமும் பத்து நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதை எழுத வேண்டும். நான் அக்காவின் படத்தை எடுத்துக்கொண்டேன். அக்காவின் தோழி ஒரு ஓவியர். அக்காவை எதிரில் உட்காரவைத்து, செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படம். மொத்தம் பன்னிரண்டு பிரதிகள். எங்களுடையது மூன்றாவது.

முதல் நாள் குறிப்பு: "அக்காவுக்கு மச்சம் இடது கன்னத்தில். படத்தில் வலது கன்னத்தில். அக்கா வலது கைக்காரி. படத்தில் கோப்பை பிடித்திருப்பது இடது கை." தகட்டில் கீறுவது காகிதத்தில் இடவலம் மாறி விழும். ஓவியர் அதை யோசிக்காமல் கண்ணால் பார்த்தபடியே கீறிவிட்டார்.

"தெருவுல இவளப் பாத்தா நான்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்துடாதடா," என்று அக்கா சிரித்தாள்.

ஒன்பதாம் நாள். மாலை 6.40. அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தின் மேல் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. முந்தைய நாள் குறிப்பில் அது இல்லை. நான்தான் கவனிக்காமல் விட்டேனோ? கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. சட்டத்தைக் கழற்றினேன். கோடு காகிதத்தில் இருந்தது.

6.44. கோடு நெற்றியைத் தொட்டது.

க்ர்ர்... க்ர்ர்... உலோகத்தில் ஊசி இழுபடும் சத்தம்.

வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. பிரதிகள் எடுத்து முடிந்ததும், இனி யாரும் அச்சிடாதபடி தகட்டின் குறுக்கே இரண்டு கோடுகள் கீறிவிடுவார்கள். அதோடு அந்தப் படத்தின் கதை முடிந்தது.

ஓவியருக்கு போன் போட்டேன்.

"அக்கா படத் தகட்ட என்ன பண்றீங்க?"

"கோடு போடுறேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நிறுத்துங்க!"

"ஒண்ணு போட்டாச்சுப்பா. இன்னும் ஒண்ணுதான்."

"வேணாம்... ப்ளீஸ்."

சத்தம் நின்றது. 6.47.

மாடிப்படியில் காலடி. அக்கா துணிகளோடு இறங்கி வந்தாள். முகத்தில் சின்னக் கீறல்கூட இல்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீ போட்டு வந்து நீட்டினாள்.

இடது கையால்.

மச்சம்... வலது கன்னத்தில்.

நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான். இடது கன்னம்.

படத்தைப் பார்த்தேன்.

கோட்டுக்குப் பின்னால் அக்கா. மச்சம் இடது கன்னத்தில். கோப்பை வலது கையில்.

மறுநாள் காலை 9.15. ஓவியர் கூப்பிட்டார்.

"நீ வேணாங்குற. உங்க அக்கா விடிஞ்சதும் வந்து ரெண்டாவது கோட்டையும் போடுன்னு நிக்குறா. என்னதான் நடக்குது உங்க வீட்டுல?"

"போட்டுட்டீங்களா?"

"இல்ல. அவளே ஊசிய எடுத்தா. நான் புடுங்கி வெச்சுட்டேன்."

ஓடிப்போய்த் தகட்டை வாங்கி வந்துவிட்டேன். எங்கே ஒளித்திருக்கிறேன் என்று எங்கும் எழுத மாட்டேன்.

அவள் என் நோட்டைப் படிக்கிறாள்.