மூடிவைத்த கிழங்குக் குழிகள்

காட்டைக் காக்கப் போகிறவனுக்கு முதலில் காட்டுக்குள் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது, என்னைப்போல் காக்கி மாட்டிக்கொண்டு மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா! எழுபதுகளில் பண்ணைக்காடு ஊருக்கு மேலே, மலைக்காட்டில் நான் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தேன். எனக்கு வழி காட்டியவள் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருந்த செல்லி. என் வயதுதான் இருக்கும்.

தடயத்தை மறைத்த குற்றம்

புதிதாக வந்த ரேஞ்சர், காட்டில் யார் கிழங்கு தோண்டினாலும் கேஸ் போடச் சொல்லிவிட்டார். கோடையில் பளியர் வீட்டு அடுப்பில் வேகிறதே அந்தக் கிழங்குதான். உத்தரவாச்சே என்று நானும் வீம்பாகக் கிளம்பினேன். செல்லி கிழங்கை எடுத்துவிட்டு, குழியில் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். ஆஹா, தடயத்தை மறைக்கிறாள் என்று நோட்டில் அதையும் சேர்த்து எழுதினேன். அவள் சிரித்தாள்.

"கொடியோட தலைய உள்ள வச்சு மூடுறேங்க, கார்டய்யா. அடுத்த வருசம் நீங்க வந்து புடிக்கவும் கெழங்கு வேணுமில்ல?"

ஆளில்லாத தீக்கோடு

கிழங்குக்கு வழியில்லாமல் குடியிருப்பே பிள்ளைகுட்டியோடு அடிவாரத்துக் கன்னிவாடிக்குக் கூலிவேலைக்கு இறங்கிவிட்டது. காட்டுத்தீ தாவாமலிருக்கப் புல்லைச் செதுக்கித் தீக்கோடு போடுவோமே, அதற்கு வழக்கமாக வருகிறவர்களும் அவர்கள்தான். இப்போது நானும் வாட்சர் சவரிமுத்துவும் மட்டும் மண்வெட்டியோடு நின்றோம். இரண்டாம் நாளே அவன் கையெல்லாம் கொப்புளம்.

"கெழங்கக் காப்பாத்திட்டீங்க சார். காட்ட யாரு காப்பாத்துவா?"

தீயணைக்க வந்தவர்கள் வைத்த தீ

அந்த வாரமே புல்சரிவில் தீ பிடித்தது. சவரிமுத்து கீழே ஓடி, மறுநாள் வெள்ளனே பளியர்களைக் கூட்டிவந்தான். வந்ததும் வராததுமாகத் தீக்கு முன்னால் போய் அவர்கள் இன்னொரு தீ வைத்தார்கள். "ஐயையோ, பிடிய்யா அவங்களை!" என்று ரேஞ்சர் அலறினார். இரண்டு தீயும் நேருக்கு நேர் முட்டி, எரியப் புல்லில்லாமல் அப்படியே அடங்கிப் போயின.

நான் பட்டினி போட்டவர்கள் என் காட்டுக்காக வந்து நிற்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கிழங்குக் கேஸை விட்டுவிடுங்கள் என்று ரேஞ்சரிடம் நானே வாய்விட்டுக் கேட்டேன். மனிதர் கேஸைக் கிழித்துப் போட்டு, தடையையும் எடுத்துவிட்டார். ஆனால் அதிகாரி இல்லையா, எந்தெந்த இடத்தில் கிழங்கு கிடக்கிறது என்று பட்டியல் கேட்டார். செல்லி அசையவில்லை.

"எழுதிக் குடுத்தா மொத்தமா தோண்டி அள்ளிட்டுப் போக லாரி வந்துருமுங்க. தீப் புடிச்சா கூப்புடுங்க, வெரசா வாரோம். கெழங்கு எங்க கெடக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

அன்றிலிருந்து சம்பளம் வாங்குகிற காவல்காரனாக நானும் காவல் காக்கிற காவல்காரியாக அவளும், ஒரே காட்டைச் சண்டையில்லாமல் பார்த்துக்கொண்டோம்.