எடுத்துருங்க

பல்கலைக்கழக வரலாற்றுக்காகப் பழைய ஆவணங்களைச் சேர்ப்பது என் வேலை. அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறார்கள் என்றதும், துப்புரவுப் பணி செய்யும் அக்காவிடம் போனில், "ஷெல்ஃபுல இருக்கிற ரிஜிஸ்டரையெல்லாம் எடுத்துருங்க" என்றேன். மறுநாள் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தால் ஷெல்ஃப் காலி. வாசலில் பழைய பேப்பர் வண்டி. 'எடுத்து வையுங்கள்' என்று முழுதாகச் சொல்லத் துப்பில்லாத என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

"எங்கக்கா போட்டீங்க?" என்று கத்தினேன்.

அவர் பீரோவைத் திறந்தார். எல்லாம் அடுக்கியபடி இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

"தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சீங்களா சார்?" என்றவர், இந்தக் கட்டடத்தைக் கட்டிய சித்தாள்களின் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, ஒரு பெயருக்கு எதிரே இருந்த கைநாட்டைக் காட்டினார்.

"எங்கம்மாவோடது சார்."