மாமியார் வீட்டில் ஒரு பேரரசர்

எழுபதுகளின் இறுதியில் ஒரு கோடை விடுமுறை. டென்மார்க்கில் பிறந்து ருஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பேரரசியின் வரலாற்றைப் பக்கத்து முஸ்லிம் வீட்டு லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. நான் காரைக்கால் பள்ளியொன்றில் பிரெஞ்சு ஆசிரியை. மூன்று மணி முதல் நான்கு மணி வரை, நாளுக்கு இருபது பக்கம், வாய்மொழியாகத் தமிழில். எங்கே நிறுத்தினேன் என்பதை அன்றன்று நாட்குறிப்பில் எழுதிவைப்பேன்.

எண்பதாம் பக்கத்தில் இளவரசி கப்பலேறினாள். அவளுக்குப் புதுப் பெயர், புது மதம், புது மொழி. லாத்தாவின் முகம் வாடிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் லாத்தாவின் மகளுக்கு அமைந்திருந்த மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. பெண்ணை அங்கே அழைத்துப்போவேன் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு முழுச் சம்மதம். லாத்தாதான் பதில் சொல்லாமல் இருந்தார்.

"போனவ அம்மா வூட்டுக்குத் திரும்பி வந்தாளா, டீச்சர்?"

"அந்த இடம் இன்னும் வரல லாத்தா. நாலஞ்சு நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்லணுங்க!"

அன்று புதன். கதவோரம் நின்ற மகள் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புத்தகத்தில் பக்கங்களைத் தாண்டினேன்.

கிடைத்தது. அவள் வந்தாள், அதுவும் தனியாக அல்ல. பேரரசராகிவிட்ட கணவரும் கோடையில் பிள்ளைகளோடு மாமனார் அரண்மனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கினார். ஆட்சிக் கவலையை ஊரிலேயே விட்டுவிட்டு, குழந்தைகளோடு சேற்றுக்குட்டையில் தலைப்பிரட்டை தேடினார்.

"அம்மாம் பெரிய ராசாவா?"

"அவரேதான்."

"மாமியா வூட்டுலயா?"

"மாமியா வூட்டுலதான்."

லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் உள்ளே ஓடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதில் போனது: பெண்ணை அழைத்துப் போகலாம், ஆனால் வருஷா வருஷம் மே மாதம் முழுக்க மாப்பிள்ளை காரைக்காலில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை மறுப்பு சொல்லவில்லை.

தாண்டிய பக்கங்களை அடுத்த வாரமே படித்து முடித்தேன். நாட்குறிப்பில் அந்தப் புதன்கிழமைக்கு எதிரே ஒரு சிறு குறி இன்றும் இருக்கிறது.

அடுத்த மே மாதம் மாப்பிள்ளை வந்தார். வந்த பத்தாம் நாள், நான் இருக்கும்போதே மெல்ல ஆரம்பித்தார்.

"மாமி, ஆபீஸ்ல கொஞ்சம் வேல கெடக்கு. இந்த வாரம் கெளம்பலாமான்னு..."

லாத்தா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

"ஒரு நாட்டையே போட்டுட்டு வந்த ராசாவே அவசரப்படல. ஒங்களுக்கு என்ன மாப்புள அவசரம்? சாப்புடுங்க."